கடையை உன் தங்கைக்கு எழுதிவிட்டேன்

அன்புள்ள சாம்,

கடை உனக்கு இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, அங்கே மழை உண்டா என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு மூன்றாம் பக்கத்தில் இதைச் செருகினால், அந்த இரண்டு பக்கமும் பொய் என்று நீ நினைப்பாய். போன செவ்வாய்க்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய், என் பங்கை உன் தங்கை எஸ்தர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. யாரும் என்னை மிரட்டவில்லை. மாப்பிள்ளை இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த நான்கையும் நீ கேட்பாய், அதனால்தான் முன்கூட்டியே பதில்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ நடுவில் பேசுவாய், உன் குரல் கொஞ்சம் இறங்கினால் நான் இளகிவிடுவேன், அப்புறம் வாயில் வந்ததைச் சொல்லி வைப்பேன். எழுதினால் அந்த வம்பு இல்லை. இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியை எஸ்தரிடமும் கொடுக்கப் போகிறேன். உனக்குத் தெரியாமல் அவளிடம் ஒன்று, அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று என்று இருபது வருடமாகப் பேசித்தான் இம்புட்டுச் சிக்கல் ஆகியிருக்கிறது. நம் சபையில் கடை கண்ணி வைத்துக்கொண்டு, பிள்ளைகளிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். அதனால் உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் தெரியாதவர்களுக்குச் சொல்வது போலச் சொல்லியிருப்பேன், பொறுத்துக்கொள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச் முடிந்து கோச்சடை வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரம், நீ பெங்களூரிலிருந்து கூப்பிட்டாய். கம்பெனியில் உன் டீமையே கலைத்துவிட்டார்கள் என்றாய். முப்பத்தொன்பது வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மறுபடியும் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டுமா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நீ அடுத்ததைச் சொன்னாய். "ஏப்ரல்ல ஸ்கூல் லீவு விட்டதும் குடும்பத்தோட வந்துர்றோம்மா. இனிமே கடைய நான் பாத்துக்கிறேன், நீங்க ரெஸ்ட் எடுங்க." கூடவே, "எஸ்தர்ட்ட நீங்களே பக்குவமா சொல்லிருங்க" என்றாய். நான், சரிப்பா பார்ப்போம் என்றேன். நம் வீட்டில் அதற்கு அர்த்தம் சம்மதம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்கத்தான் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நம்முடையது பள்ளிக்கூட யூனிஃபார்ம் வியாபாரம். விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் சந்துக்குள் மாடிக் கட்டடம், கீழே கடை, மேலே துணி வெட்டுகிற மேசை, தையல் முழுக்க செல்லூரில் வீடுகளில். ஜனவரியில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் ஆர்டர் பேசி, பிப்ரவரி, மார்ச்சில் மில்லுக்குத் துணி சொல்லி, ஏப்ரலில் அளவெடுத்து, ஜூனில் பிள்ளைகள் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு வாரம் தவறினால் ஒரு வருடம் போச்சு. இந்த வியாபாரத்தில் கட்டடமோ மெஷினோ பெரிய சொத்தே இல்லை. எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எந்த நீலம் என்பதுதான் சொத்து. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நீலம் என்றால் நீலம்தானே என்பார்கள். மில்லின் ஷேட் கார்டில் கருநீலம் மட்டுமே ஏழு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்.

அந்த நம்பர்கள் எல்லாம் உன் அப்பாவின் தலைக்குள் இருந்தன. விளக்குத்தூணில் போட்டிக்கடைக்காரர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள், வேலையாட்கள் நாளைக்கே பிரிந்து போய்ப் பக்கத்தில் கடை போட்டுவிடுவார்கள் என்று அவருக்கு ஓயாத பயம். அதனால் அவர் எதையும் எழுதி வைக்க மாட்டார். ஒவ்வொரு துணியிலும் ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, டைரியில் குண்டூசி குத்தி வைத்திருப்பார். பக்கத்தில் பள்ளிக்கூடத்தின் பெயர் இருக்காது, நம்பரும் இருக்காது. மில் ஏஜெண்டிடம், போன வருடம் எழுமலை ஸ்கூலுக்கு அனுப்பியதையே அனுப்புங்க என்று வாயால் சொல்வார், அவரும் அனுப்புவார். உங்க ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்சா போதுமா என்று நான் ஒரு தடவை கேட்டேன். எனக்கென்ன கல்லு மாதிரி இருக்கேன் என்றார். அடுத்து வந்த ஜனவரியில், ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஆர்டர் பேசிவிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயது. அந்த ஏஜெண்டும் அதற்கு முந்தின தீபாவளியோடு வேலையை விட்டுப் போயிருந்தார்.

நீ கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். எஸ்தர் பதினோராம் வகுப்பு. அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு நீ என்னிடம் வந்து, நான் படிப்பை விட்டுவிட்டுக் கடையில் உட்காருகிறேன் என்றாய். நாற்பது நாள் உட்கார்ந்தாய். கட்டிங் மாஸ்டர் முத்தையா இன்றைக்கும் அந்த நாற்பது நாளைப் பற்றிச் சொல்வார். காலையில் முதல் ஆளாக வந்து நிற்பாய். ரேக்குக்கு ரேக் சீட்டு ஒட்டினாய். யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்று சத்தம் போடாமலே சொன்னாய். உன் அப்பா சத்தம் போடாமல் ஒரு வேலை சொல்லி நான் பார்த்ததில்லை. டைரியில் குத்தியிருந்த துண்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நீ ஒரு யோசனை சொன்னாய். "ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒரு லெட்டர் போட்டு, பழைய யூனிஃபார்ம் ஒண்ணு அனுப்பச் சொல்லுவோம்மா. இருக்கிறத வச்சு ஒத்துப் பாத்துக்கிரலாம்." நான் கூடாது என்றேன். எந்தத் துணி என்று தெரியாத கடைக்காரிக்கு எவன் ஆர்டர் கொடுப்பான், ஊர் சிரிக்கும், அப்பா கட்டிக் காத்த ரகசியம் தெருவுக்கு வந்துவிடும் என்று ஏதேதோ சொன்னேன். அடுத்த வாரம் உன்னைப் பெட்டி கட்டி பஸ் ஏற்றிவிட்டேன். அப்பாவுக்கு நீ இன்ஜினியர் ஆக வேண்டும் என்றுதான் ஆசை, அதைக் கெடுக்காதே என்றேன். நீ ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் முன்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இப்போது நான் சொல்லப்போவதை நீ உட்கார்ந்துகொண்டு படி. உன்னை நான் அனுப்பியது உன் படிப்புக்காக இல்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடம் அந்தக் கடைக்கு நான் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோனவள். உள்ளே உட்கார் என்று யாரும் சொன்னது கிடையாது. அப்பா போன மூன்றாவது வாரம் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இரண்டே நாளில் எனக்கு அது பிடித்துவிட்டது. புருஷன் செத்து மண் காயவில்லை, இவளுக்கு நாற்காலி கேட்கிறதா என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன், ஆனாலும் பிடித்திருந்தது. செல்லூர் தையல்காரப் பெண்கள் ஓனரம்மா என்று கூப்பிட்டார்கள். அந்தச் சமயத்தில் மில்லிலிருந்து புது ஏஜெண்ட் வந்தார். நான் நாற்காலியில் இருக்கிறேன், நீ பக்கத்தில் நிற்கிறாய். அவர் என்னைத் தாண்டி உன்னைப் பார்த்து, "தம்பி, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார். நீயும் சொன்னாய். சரியாகத்தான் சொன்னாய். அரை மணி நேரம் நான் அங்கே ஒரு ஸ்டூல் போல உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளை மேல் பொறாமை வருமா என்று எவளாவது என்னிடம் கேட்டால், வரும் என்று சொல்வேன். அன்றைக்கு வந்தது. உன்னைப் படிக்க அனுப்பியது அதனால்தான். அதற்குப் பிறகு, பிள்ளை படிக்க வேண்டும் என்று கடையைத் தனியாகச் சுமந்தவள் என்ற பெயரை ஊர் முழுக்க வாங்கி வைத்துக்கொண்டேன். நீயும் அதை நம்பினாய். பிறகு எத்தனையோ தடவை, எங்கம்மா எனக்காகக் கஷ்டப்பட்டாங்க என்று நீ நாலு பேர் முன்னால் சொன்னபோதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

கர்த்தர் கணக்கு வைக்காமலா இருப்பார். நீ போன பிறகு மார்ச்சில் நானே கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தத் துண்டுகளைப் பார்த்து, இது எழுமலை, இது மேலூர் என்று குத்துமதிப்பாக மில்லுக்குச் சொன்னேன். ஜூனில் எழுமலை பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டன்ட் கூப்பிட்டார். கோபப்படவில்லை, ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கம்மா என்றார். பஸ் பிடித்துப் போனேன். பிரேயர் நடந்துகொண்டிருந்தது. வெயிலில் வரிசையாக நின்ற பிள்ளைகளில் பழைய பாவாடை ஒரு நீலம், நான் கொடுத்த புதுப் பாவாடை வேறொரு நீலம். கடைக்குள் ஒன்றாகத் தெரிந்தது மைதானத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. புதுத்துணி எடுத்த பிள்ளைகளை ஒரு டீச்சர் பின்வரிசைக்குப் போகச் சொன்னார். கடலைக்காடு, பருத்திக்காடு என்று வேலைக்குப் போய் அந்தத் துணியை வாங்கிக் கொடுத்த தாய்மார்கள் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. அத்தனையும் திரும்ப வாங்கி, புதுத்துணி எடுத்து, மறுபடியும் தைத்துக் கொடுத்தோம். அந்த வருடம் முழுக்க நாம் உழைத்தது அதற்கே சரியாகப் போயிற்று.

அதற்கடுத்த சனிக்கிழமை எஸ்தர் என்ன செய்தாள் என்று உனக்குத் தெரியாது, நான் சொன்னதில்லை. அப்பாவின் டைரியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வெளியே வெயிலில் போய் உட்கார்ந்தாள். தையல்காரர்களின் பிள்ளைகள், சண்டே ஸ்கூல் பிள்ளைகள், தன் சிநேகிதிகளின் தம்பி தங்கைகள் என்று ஆள் ஆளாகப் பிடித்துப் பழைய யூனிஃபார்ம் வாங்கி வந்து, ஒவ்வொரு துண்டோடும், மில்லின் ஷேட் கார்டோடும் ஒட்ட வைத்துப் பார்த்தாள். நாலு சனிக்கிழமை ஆயிற்று. எந்தப் பள்ளிக்கூடம், எந்த நம்பர் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் வரிசையாக எழுதிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நீ சொன்ன யோசனைதான். நான் உன்னிடம் வேண்டாம் என்றதை அவள் என்னிடம் கேட்காமலே செய்தாள், அம்புட்டுத்தான் வித்தியாசம். நானும் நல்ல வேலை செய்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், போய்ப் படி, பரீட்சை வருகிறது என்றேன்.

பி.காம். முடித்த பிறகு அவள் கடைக்கு வர ஆரம்பித்தாள். வேலைக்கு என்று நான் சொல்லவில்லை, துணைக்கு என்று சொன்னேன். பதினான்கு வருடமாக அந்தப் பேச்சு மாறவே இல்லை. கடையில் அவளுக்கு ஒரு பதவி கிடையாது. கைச்செலவுக்கு வைத்துக்கொள் என்று கொடுத்ததுதான் சம்பளம். அவளுக்கு ஒத்தக்கடையில் மாப்பிள்ளை பார்த்துப் பரிசம் போட வந்த அன்று, சம்பந்தி பேச்சோடு பேச்சாகக் கடையைப் பற்றிக் கேட்டார். அவர் ஆசைப்பட்டுக் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை, சும்மாதான் கேட்டிருப்பார். நான் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கடை எங்க பையனுக்குத்தான். இவ சும்மா துணைக்கு வந்து போறா" என்றேன். எஸ்தர் அப்போது காப்பித் தட்டோடு எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு சொட்டுச் சிந்தாமல் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கல்யாணம் முடிந்து பத்தாம் நாள் ஒத்தக்கடையிலிருந்து பஸ் ஏறி மறுபடியும் கடைக்கு வந்துவிட்டாள். என்னம்மா இவ்வளவு சீக்கிரம் என்று முத்தையா மாஸ்டர் கேட்டதற்கு, அளவெடுக்கிற சீசனாச்சே அண்ணே என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

கொரோனா வந்து பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த இரண்டு வருடத்தில் நமக்கு ஒரு மீட்டர் துணி போகவில்லை. அப்போது நீ மாதாமாதம் பணம் அனுப்பினாய். அது இல்லாவிட்டால் முத்தையா மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அதை நான் மறக்கவில்லை, மறைக்கவும் மாட்டேன், எஸ்தரும் இதைப் படிக்கிறாள். அதே இரண்டு வருடத்தில் அவள் ஸ்கூட்டியில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், நர்சுகளுக்கும் வார்டு ஆட்களுக்கும் துணி தைத்துத் தருகிறோம் என்று கேட்டு ஆர்டர் வாங்கி வந்தாள். இன்றைக்குப் பாதி வியாபாரம் அதுதான். இதெல்லாம் தெரிந்தும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடும் உரிமையை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது, மில்லுக்கு அன்றைக்கே ஆர்டர் அனுப்ப வேண்டியிருந்தது. எஸ்தர் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். என் கையைப் பிடித்து, கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். ஒரு கண்ணில் கட்டு, இன்னொரு கண்ணில் ஏற்கெனவே புரை, என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் போட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள், மகள் போட்டால் செல்லாதா என்று கேட்டார். எங்க கடையில நான்தான் போடணும் என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா தலைக்குள் வைத்துக்கொண்டார், நான் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது சொல்.

இனி, நீ சொல்லச் சொன்னதை அவளிடம் சொன்ன கதை. ஒரு புதன்கிழமை மத்தியானம், மாடியில் போன வருடத்து அளவுச் சீட்டுகளை வகுப்பு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணனுக்கு வேலை போய்விட்டது, ஏப்ரலில் வருகிறான், கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான் என்று நீ சொன்னபடியே பக்குவமாகச் சொன்னேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லி உன் பக்கமே சாய்ந்திருப்பேன், அதுதான் உண்மை. அவள் சீட்டைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. "அண்ணன் பிள்ளைகள வச்சுக்கிட்டு எங்க போகும்மா. கடைய அதுக்கே குடுத்துருங்க. நான் இப்ப மாதிரியே வந்துட்டுப் போறேன்" என்றாள். உனக்கு வருத்தமா இல்லையாடி என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்தாள். "எனக்குன்னு நீங்க எப்பம்மா சொன்னீங்க, இப்ப இல்லைன்னு நான் வருத்தப்பட?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடத்தில் ஒரு தப்பைச் சுட்டிக் காட்டுகிற மாதிரி சொன்னாள். அன்று வீட்டுக்கு வந்து நான் அழுதேன். அவள் விட்டுக்கொடுத்தாளே என்று அழவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டிய இடத்தில்தான் தான் இருக்கிறோம் என்று அவள் பதினான்கு வருடமாகத் தெரிந்தே உழைத்திருக்கிறாள், அப்படி அவளை வளர்த்தவள் நான். நீ கேட்டதும் தப்பில்லை. கடை பையனுக்கு என்று ஊரறியச் சொன்னவளும் நான்தான். அன்றைக்கு நீ இருக்கிறேன் என்றபோது என் நாற்காலிக்காக உன்னைத் துரத்தினேன். இன்றைக்கு நீ வருகிறேன் என்கிறபோது அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக எஸ்தரின் உழைப்பை எடுத்து உன் கையில் கொடுத்தால், என் கடனை அவள் தலையில் கட்டுவதாகும். உனக்கு நான் செய்தது அநியாயம். அதற்கு என்னைக் கேள், என் முகத்துக்கு நேராகக் கேள். அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளாதே.

மறுநாளே வக்கீலைப் பார்த்தேன். அப்பா உயில் எழுதாமல் போனதால் கட்டடத்தில் நம் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பங்கு. என் பங்கை எஸ்தருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டேன். வியாபாரம் என் பெயரில் இருந்தது, ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் அவள் பெயருக்கு மாறிக்கொண்டிருக்கிறது. உன் பங்கு உன்னுடையது. அதை விட்டுக்கொடு என்று நான் கேட்க மாட்டேன், அவளையும் கேட்க விட மாட்டேன். அது உன் அப்பா உனக்கு விட்டுப் போனது. வாடகை வாங்கு, விற்க வேண்டுமென்றால் விற்றுவிடு, வழக்குப் போட வேண்டுமென்றாலும் போடு. நம் ஊரில் அண்ணன் தங்கை வழக்குக்கா பஞ்சம். போடுவதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை, அண்ணன் எங்க போகும்மா என்று அவள் கேட்டாளே, அதை நினைத்துக்கொள்.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று எனக்கு என்னைப் பற்றி ரொம்பப் பெருமையாக இருந்தது. தியாகி மாதிரி நடந்துகொண்டிருந்தேன். அந்தப் பெருமை மறுநாள் காலை ஒன்பது மணி வரைக்கும்தான். வழக்கம்போல நான் சாவியோடு கடைக்குப் போனேன். எஸ்தர் எனக்கு முன்னால் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, சாவிய குடுங்க" என்றாள். கொடுத்தேன். கதவைத் திறந்துகொண்டே, "நாளையிலருந்து நீங்க பதினொரு மணிக்கு வந்தாப் போதும். ஸ்கூல்காரங்க யாரும் வந்தா நான் பேசிக்கிறேன். தேவைன்னா கூப்பிடுறேன், அப்ப வாங்க" என்றாள். நேற்று எழுதிக் கொடுத்தேன், இன்றைக்கே இவளுக்கு இம்புட்டு வாயா என்று கோபம் வந்தது. மாடிக்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முத்தையா மாஸ்டர் என்னைப் பார்க்காதது போலத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்துக் கிளார்க் கீழே வந்து பேசிவிட்டுப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. என்ன பேசினார்கள் என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது. இருபது வயதில் நீ என் பக்கத்தில் நின்று ஏஜெண்டுக்குப் பதில் சொன்னபோது என்னால் தாங்க முடியாமல் போனதும் இதுதான். அன்றைக்குத் தாங்கியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே கடையை நடத்தியிருப்பீர்கள். அறுபத்தைந்து வயதில் இப்போதுதான் தாங்கிப் பழகுகிறேன்.

உனக்கும் ஒரு மகன், ஒரு மகள். நாளைக்கு அவர்களுக்கு நீ எதைக் கொடுக்க நினைத்தாலும் அதை அவர்கள் காதில் சொல், சம்பந்தி காதில் சொல்லாதே. கொடுக்காமல் விட நினைத்தாலும் அவர்களிடமே சொல். கொடுத்த பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியுமா என்று கொடுப்பதற்கு முன்னால் உன்னையே ஒரு தடவை கேட்டுக்கொள். இதற்கு மேல் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை.

ஏப்ரலில் தாராளமாக வா. கோச்சடை வீடு உனக்கும் பிள்ளைகளுக்கும் எப்போதும் திறந்திருக்கும், எத்தனை வருடம் வேண்டுமானாலும் இரு, அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடைக்கு வர வேண்டுமென்றால் எஸ்தரைக் கேள். அண்ணன் கடைக்கு வரலாமா என்று நானே அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "அண்ணன் எங்கிட்ட பேசட்டும்மா" என்றாள். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சேர்த்துக்கொள்வாளோ, சம்பளத்துக்கு வைத்துக்கொள்வாளோ, இந்த வருடம் வேண்டாம் என்பாளோ, அது அவள் பாடு. நீ பேசும்போது அம்மா சொன்னாங்க என்று ஆரம்பிக்காதே. உனக்காக நான் பேச மாட்டேன். கூச்சமாக இருக்கும், தங்கையிடம் போய்க் கேட்பதா என்று தோன்றும். ஒன்றும் ஆகிவிடாது. நேற்றுக் காலையில் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் ஒன்பது மணிக்கே கிளம்பிவிட்டேன். செருப்பை மாட்டிவிட்டேன், கேட் வரைக்கும் போயும்விட்டேன். அங்கேயே நின்று அவளுக்குப் போன் போட்டு, இப்ப வரட்டுமாம்மா என்று கேட்டேன். பின்னால் துணி வெட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம், "வாங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் கேட்டைத் திறந்தேன்.

அம்மா